இத்தாலி சோபா கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பாடம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "சார், இது எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். பிராசசர் வேகம், ராம் அளவு, ஹார்ட் டிஸ்க் கொள்ளளவு ஆகியவற்றைக் கொண்டு இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. நான் கேட்பது வேறு. அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க முடியுமா? ஒரு பாகத்தை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்ட முடியுமா? எத்தனை ஆண்டுகள் வரும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

இதற்கு நான் காட்டும் சாட்சி கம்ப்யூட்டர் அல்ல. நாற்காலி, சோபா, அலமாரி. 1960களிலும் 1970களிலும் இத்தாலியில் செய்யப்பட்ட மாடுலர் பர்னிச்சர்களை இன்றும் உலகம் முழுவதும் தேடி வாங்குகிறார்கள். சிதைந்து போன ஸ்பாஞ்சை மாற்றி, விரிந்த பிளாஸ்டிக்கை ஒட்டி மீண்டும் வீட்டில் போட்டுக் கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் இதழில் சோபாவுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. எவ்வளவு நெருக்கம் என்றால், இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே மனிதர்.

மாடுலர் என்றால் என்ன?

உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரையே எடுத்துக் கொள்ளுங்கள். மானிட்டர் தனி, கீபோர்டு தனி, மவுஸ் தனி. சி.பி.யு. என்று நாம் அழைக்கும் பெட்டியைத் திறந்தால் பவர் சப்ளை, மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என எல்லாம் தனித்தனி. ஒன்றோடு ஒன்று சேரும் இடம் மட்டும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. எந்த ஸ்லாட்டில் எது நுழையும், ஸ்குரூ துளை எங்கே இருக்கும் என்பதெல்லாம் முடிவு செய்யப்பட்டவை. இப்படித் தனித்தனிப் பகுதிகளாகச் செய்து, தேவைக்கு ஏற்பச் சேர்த்துக் கொள்ளும் முறையைத்தான் மாடுலர் என்கிறோம்.

வீட்டுப் பொருட்களிலும் இதே முறைதான். மூன்று பேர் உட்காரும் சோபா என்று ஒன்றைச் செய்யாமல், ஒருவர் உட்காரும் துண்டுகளாகச் செய்கிறார்கள். மூன்றைச் சேர்த்தால் சோபா. ஆறைச் சேர்த்தால் ஒரு மூலையை நிறைக்கும் பெரிய இருக்கை. சாய்மானத்தைக் கழற்றிவிட்டால் படுக்கை.

கம்ப்யூட்டர் செய்தவரே சோபாவும் செய்தார்

மாரியோ பெல்லினி 1935ல் மிலான் நகரில் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். 1963ல் ஒலிவெட்டி நிறுவனத்தின் வடிவமைப்பு ஆலோசகரானார். டைப்ரைட்டருக்குப் பெயர் பெற்ற இந்த நிறுவனம் 1965 அக்டோபரில் நியூயார்க் நகரில் ஒரு மிஷினை அறிமுகம் செய்தது. அதன் பெயர் புரோகிராமா 101. எஞ்சினியர் பியர் ஜியார்ஜியோ பெரோட்டோ தலைமையில் ஒரு சிறு குழு இதை உருவாக்கியது. கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையையே அடைத்துக் கொண்டிருந்த காலத்தில் இது மேஜை மேல் உட்கார்ந்தது. புரோகிராமை ஒரு காந்த அட்டையில் பதிந்து வைத்துக் கொள்ளலாம். விலை 3,200 டாலர். சுமார் 40,000 மிஷின்கள் விற்றன. நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ 11 பயணத்திற்கான கணக்குகளுக்கு நாசாவும் இதைப் பயன்படுத்தியது. உலகின் முதல் பெர்சனல் கம்ப்யூட்டர் இதுதான் என்பவர்கள் உண்டு. புரோகிராம் எழுதக் கூடிய கால்குலேட்டர் என்று சொல்வோரும் உண்டு. எப்படிச் சொன்னாலும், அதன் வெளிக்கூட்டை வடிவமைத்தவர் பெல்லினி.

அதே பெல்லினி 1970ல் ஒரு சோபாவை வடிவமைத்தார். பெயர் கமலியோண்டா. இத்தாலிய மொழியில் பச்சோந்தியைக் குறிக்கும் சொல்லையும் அலையைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர் இது. நிறம் மாறும் பச்சோந்தி போல இந்த சோபா உருவம் மாறும். ஒவ்வொரு இருக்கையும் 90 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் கொண்ட சதுரம். சாய்மானமும் கைப்பிடியும் தனித் துண்டுகள். இவற்றைச் சேர்ப்பது கேபிள், கொக்கி, வளையம் ஆகிய மூன்றுதான். கொக்கியை வளையத்தில் மாட்டினால் இணையும், எடுத்தால் பிரியும். ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. நமது யு.எஸ்.பி. பிளக் போலத்தான். ஆனால் யு.எஸ்.பி. வந்தது 1996ல்.

கமலியோண்டாவைத் தயாரித்த சி அண்ட் பி இத்தாலியா நிறுவனம் பின்னர் பி அண்ட் பி இத்தாலியா என்று பெயர் மாறியது. 1970களின் முடிவில் இந்த சோபாவின் தயாரிப்பு நின்றது. ஆனால் தேடுவது நிற்கவில்லை. பழைய துண்டுகள் கைமாறிக் கொண்டே இருந்தன. 2020ல் அதே நிறுவனம் இதை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. தயாரிப்பு நின்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பழைய மாடல் மீண்டும் கடைக்கு வருகிறது. நாற்பது ஆண்டு பழைய கம்ப்யூட்டர் மாடல் ஒன்று இப்படி மீண்டும் வீட்டு உபயோகத்திற்கு விற்பனைக்கு வந்தால் வாங்குவோமா?

உங்கள் கீபோர்டின் பிளாஸ்டிக் அலமாரி

அடுத்தது கார்டெல் நிறுவனம். கெமிக்கல் எஞ்சினியரான ஜூலியோ காஸ்தெல்லி 1949ல் இதைத் தொடங்கினார். அவருடைய மனைவி அன்னா காஸ்தெல்லி பெரியேரி கட்டடக் கலை நிபுணர். 1960களின் இறுதியில் அவர் வடிவமைத்த அலமாரி காம்போனிபிலி. சேர்த்து அமைக்கக் கூடியவை என்பது இந்தச் சொல்லின் பொருள். முதலில் சதுர வடிவில் வந்தது. பின்னர் வட்ட வடிவமும் சேர்ந்தது.

வட்ட அலமாரியின் ஒரு துண்டு என்பது ஓர் உருளை. பக்கத்தில் சறுக்கித் திறக்கும் கதவு. கதவில் கைப்பிடி இல்லை. விரல் நுழைக்க ஒரு துளை மட்டும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அப்படியே பொருந்தி நிற்கும். ஸ்குரூ இல்லை, பசை இல்லை. இரண்டு வைத்தால் கட்டில் பக்கத்து மேஜை. நான்கு வைத்தால் குளியல் அறை அலமாரி. இன்று வரை இது தயாரிப்பில் இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் பாரிஸ் பாம்பிடு மையத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது.

இது எதனால் ஆனது தெரியுமா? ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று பொருட்கள் சேர்ந்தது இது. உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டு, மானிட்டரின் வெளிக்கூடு, கேபினட்டின் முன்பக்கம் போன்றவற்றைச் செய்ய மிக அதிகம் பயன்படுவதும் இதே ஏ.பி.எஸ். தான். லெகோ கட்டைகளும் இதனால் செய்யப்படுபவைதான்.

ஜோ கொலம்போ 1970ல் வடிவமைத்த போபி என்ற சக்கர வண்டியும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்தான். வரைபடம் போடுபவர்கள் பேனா, ஸ்கேல், சுருட்டிய தாள் எல்லாவற்றையும் போட்டு பக்கத்தில் வைத்துக் கொள்ளச் செய்தது. ட்ராயர்கள் சுழன்று வெளியே வரும். வேண்டிய உயரத்திற்கு அடுக்கிக் கொள்ளலாம். கொலம்போ 1971ல் தமது 41வது பிறந்த நாளிலேயே இறந்துவிட்டார். போபி இன்றும் விற்கிறது. கம்ப்யூட்டர் மேஜைப் பக்கத்தில் கேபிள், பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை வைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அவர் காலத்தில் பென் டிரைவே இல்லை. இருந்தும் பொருந்துகிறது. எதை வைப்பது என்பதை அவர் நமக்கே விட்டுவிட்டார் அல்லவா?

ஏன் இன்னும் விரும்புகிறார்கள்?

பார்க்க அழகாக இருக்கிறது, பழைய சினிமாவில் வருவது போல இருக்கிறது என்பது ஒரு பதில். அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். அழகான எத்தனையோ பொருட்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன. மூன்று காரணங்களை நான் சொல்வேன்.

முதலாவது, வீடு மாறினாலும் பொருள் மாற வேண்டியதில்லை. பெரிய ஹாலில் ஆறு துண்டுகளாக இருந்தது, சிறிய வீட்டில் மூன்றும் மூன்றுமாக இரண்டு அறைகளில் உட்காரும்.

இரண்டாவது, ஒரு துண்டு கெட்டால் ஒரு துண்டைத்தான் பழுது பார்க்க வேண்டும். குழந்தை ஓர் இருக்கையில் மையைக் கொட்டினால் முழு சோபாவையும் பிரிக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. இந்த பர்னிச்சர்களில் ஒவ்வொரு துண்டும் தனியாகவே முழுமையானது. கமலியோண்டாவின் ஒரே ஒரு சதுரம் கிடைத்தாலும் உட்காரலாம். காம்போனிபிலியின் ஒரு உருளை ஸ்டூலாகும். அதனால் குடும்பம் பிரிந்து, பொருள் பிரிந்து, ஒற்றைத் துண்டாக எங்கோ கிடந்தாலும் யாரும் தூக்கி எறிவதில்லை. பிற்பாடு ஒருவர் இன்னொரு துண்டோடு அதைச் சேர்க்கிறார். பழைய பொருள் சந்தை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

கம்ப்யூட்டரிலும் இப்படி உண்டு. நல்ல மானிட்டர் ஒன்று இரண்டு மூன்று சி.பி.யு.க்களைப் பார்த்துவிடும். ஸ்பீக்கர், பிரிண்டர், யு.பி.எஸ். ஆகியவையும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் வைத்துவிட்ட கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே நன்றாக இருந்தாலும் மதர்போர்டோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது.

பழுது பார்க்கும் முறை

இனி, பழைய துண்டுகளை எப்படிச் சீர் செய்கிறார்கள் என்று பார்ப்போம். இதில் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது.

சோபாவில் முதலில் கெடுவது உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் போம். காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டு, சில பத்தாண்டுகளில் உதிர்ந்து பொடியாகிவிடும். இதைத் தடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். நல்ல வேலைக்காரர்கள் பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக் கொள்கிறார்கள். பழைய மேலுறையைக் கிழிக்காமல் தையலைப் பிரித்து எடுக்கிறார்கள். அதுதான் புது உறை வெட்டுவதற்கான அளவு. உட்காரும் இடத்திற்குக் கெட்டியான போம், சாயும் இடத்திற்கு மென்மையான போம் என்று பிரித்து வைத்து, மேலே பாலியஸ்டர் பஞ்சு சுற்றி உறை போடுகிறார்கள். பொடியான போமை எடுக்கும்போது முகக் கவசம் அவசியம். கொக்கிகளையும் வளையங்களையும் எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஸ்பாஞ்சும் துணியும் கடையில் கிடைக்கும். அந்த மாடலுக்கே உரிய இணைப்பான்கள் கிடைக்காது.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் நோய் வேறு. அதில் உள்ள பியூட்டாடையீன் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் பட்டு மாறுகிறது. வெள்ளை மஞ்சளாகிறது. நாளடைவில் பிளாஸ்டிக் முறுகலாகி எளிதில் விரிகிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பழுப்பேறி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் கலவைகளும் நிறம் மாறத் துணை போகின்றன.

2008ல் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி, புற ஊதா விளக்கின் கீழோ வெயிலிலோ வைப்பது. ரெட்ரோபிரைட் என்று பெயர். மஞ்சள் போகிறது. அதனால் பழைய பிளாஸ்டிக் பர்னிச்சர் வைத்திருப்பவர்களுக்கும் இதைப் பயன்படுத்தும் ஆசை வருகிறது. நான் இதை எளிதில் சிபாரிசு செய்ய மாட்டேன். பூச்சு சீராக இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பியும் வரலாம். அடர்த்தியான பெராக்சைடு தோலைச் சுட்டுவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. லேசான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, நேர் வெயில் படாத இடம். பெரும்பாலான பொருட்களுக்கு இவை போதும்.

இன்னொரு எச்சரிக்கை. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் ஆகியவற்றால் துடைக்காதீர்கள். ரிமூவரில் உள்ள அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இது உங்கள் கீபோர்டுக்கும் பொருந்தும். இதே குணத்தைப் பயன்படுத்தித்தான் விரிசலையும் ஒட்டுகிறார்கள். அதே வகைப் பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி விரிசலில் தடவினால், அது கரைந்து பிடித்துக் கொள்கிறது.

எவ்வளவு மாற்றலாம்?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. எதையும் மாற்றக் கூடாது, பழைய ஸ்பாஞ்சு உள்பட அப்படியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. மியூசியங்களுக்கு அது சரி. அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. உட்காருவதற்குத்தானே சோபா என்பது இன்னொன்று.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஒரு நிபந்தனையோடு. தேயும் பாகத்தை மாற்றுங்கள். இணைக்கும் பாகத்தைத் தொடாதீர்கள். போம், துணி, பஞ்சு எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. கொக்கி, வளையம், 90 செ.மீ. அளவு ஆகியவை போய்விட்டால் அந்தத் துண்டு மற்ற துண்டுகளோடு சேராது. பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் மாடுலர் என்ற தன்மை போய்விடும்.

கம்ப்யூட்டரிலும் இதே விதியைக் கடைப்பிடிக்கலாம். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி, விசிறி, ஹார்ட் டிஸ்க் ஆகியவை தேயும் பாகங்கள். தயங்காமல் மாற்றுங்கள். மதர்போர்டு, கேபினட், பவர் சப்ளை ஆகியவற்றின் அளவுகளை வரையறுக்கும் ஏ.டி.எக்ஸ். தரம் 1995ல் இன்டெல் வெளியிட்டது. இன்று வரை வழக்கத்தில் உள்ளது. அதனால்தான் பழைய கேபினட்டில் புது மதர்போர்டு பெரும்பாலும் உட்காருகிறது. அந்தத் தரத்தை விட்டு விலகிய, ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய பவர் சப்ளை கொண்ட கம்ப்யூட்டர் என்றால் நான் யோசிப்பேன்.

மறுபக்கம்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாடுலர் பொருள் இடம் அடைக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை கூடும். லேப்டாப் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்டதால்தான் பல லேப்டாப்களில் ராம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்படுகிறது. அதில் பலன் இல்லாமல் இல்லை.

விலை விஷயமும் உண்டு. எளிதில் மாற்றி வாழலாம் என்ற எண்ணத்தில் பிறந்த கமலியோண்டா இன்று வசதி படைத்தவர்கள் வாங்கும் பொருளாகிவிட்டது. பெயர் பெற்றுவிட்டதால் கூடிய விலை அது. அந்தப் பெயரை நான் சிபாரிசு செய்யவில்லை. அதன் கொக்கியையும் வளையத்தையும்தான் சிபாரிசு செய்கிறேன்.

அரசுகளும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. பிரான்சில் 2021 முதல் லேப்டாப் உள்ளிட்ட சில பொருட்களுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும். கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே எளிதில் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2023ல் சட்டம் செய்தது. இந்த விதி நடைமுறைக்கு வர 2027 பிப்ரவரி என்று நாள் குறிக்கப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ராமை பிறகு கூட்ட முடியுமா? ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.யை மாற்ற முடியுமா? பேட்டரியைக் கழற்ற முடியுமா? பவர் சப்ளை பொதுத் தரத்தில் உள்ளதா? நான்கில் மூன்றுக்காவது "முடியும்" என்ற பதில் வந்தால் வாங்கலாம். எதற்கும் "முடியாது" என்றால், விலை குறைவாக இருந்தாலும் அது சீக்கிரம் முழுதாக மாற்ற வேண்டிய பொருள் என்று கணக்கில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் மேனுவல், மிச்ச ஸ்குரூக்கள், கேபிள்கள், ஸ்லாட் மூடிகள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்த மாடலுடையது என்று எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த சிஸ்டத்தைத் திறக்கும்போது முதலில் தேடப் போவது இந்த டப்பாவைத்தான்.